பர்சென்ட் அக்கா

"சாப்பாட்டு நேரம் எத்தன மணிக்குப்பா?" என்று போனில் கேட்டுவிட்டு, எங்கள் சட்டக் கல்லூரி அலுவலகத்து அக்கா பேனா மூடியைக் கடித்தபடி காத்திருக்கிறார். மறுமுனையில் ஒரு சட்டப் பட்டதாரி யோசிக்கிறான். யோசித்தால் வேலை இல்லை என்று பொருள். வேலையில் இருப்பவன், "ஒரு மணிக்கு, ஆனா மேனேஜர் விட்டாத்தான்" என்று அலுத்துக்கொண்டே சொல்வான். வேலை இல்லாதவன், "எப்ப வேணாலும் சாப்பிடலாம்க்கா" என்பான். இவர் "சரி கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு" என்று போனை வைத்துவிட்டு, ஏதோ சாவுச் செய்தி கேட்டதுபோல் பேனாவை மூடிவைத்து மறுபடி திறப்பார். பிறகு அடுத்த எண்.

"வேலை கிடைச்சுதான்னு நேரா கேட்டா வச்சுடறாங்க சார். அது வயசுக்கு வந்த பொண்ணுகிட்ட கல்யாணம் எப்பன்னு கேக்கற மாதிரி. மரியாதை இல்ல." 'வேலை' என்ற சொல்லை அவர் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்திருக்கும் நோயின் பெயரைச் சொல்பவர்கள் அப்படித் தாழ்த்துவார்கள்.

அறைக் கதவில் "மாணவர் சேர்க்கை மற்றும் வேலைவாய்ப்புப் பிரிவு" என்று பலகை தொங்குகிறது. பிரிவு என்பது இவர், ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி. ஆண்டின் முதல் பாதியில், உள்ளே வர விரும்புகிறவர்களின் பெற்றோருக்குத் தைரியம் சொல்வது வேலை. இரண்டாம் பாதியில், வெளியே போனவர்களைத் தேடிப் பிடித்து என்ன ஆனார்கள் என்று எண்ணுவது வேலை. முதல் பாதியில் சொன்னதை இரண்டாம் பாதியில் கேட்க நேர்வது எல்லோருக்கும் வாய்க்கும் தண்டனை அல்ல. மாணவர்கள் அவருக்கு "பர்சென்ட் அக்கா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார்.

எங்கள் கல்லூரி சின்னது. தலைநகரத்துப் பெரிய சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் இங்கே வருகிறார்கள். இங்கேயும் கிடைக்காதவர்கள் சட்டத்தையே திட்டிக்கொண்டு வேறு படிப்புக்குப் போகிறார்கள். பின்பக்கச் சுவரைத் தாண்டினால் நீதிமன்றம். அதனால் பட்டம் வாங்கியவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் போதும். நிற்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இந்த நிற்பதைத்தான் அவர் "சுயதொழில்" என்று குறிக்கிறார். அது பொய்யல்ல. கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு மூத்த வழக்கறிஞரின் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பவன் வேறு யாருக்கும் ஊழியன் இல்லை; ஊழியனாக இருந்தால் சம்பளம் வருமே. மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவன் "குடும்பத் தொழில்." ஒரு பெண் வீட்டில் கேக் செய்து விற்கிறாள். இவர் விடாமல் விசாரித்தார்: "ஆர்டர் எடுக்கறப்போ எழுதி வாங்கறியா?" "ஆமாக்கா, அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டோம்னு நானே ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கேன்." "சட்டப்படி செல்லுமா?" "நல்லாவே செல்லும்க்கா." கேக் "சட்டம் சார்ந்த தொழில்முனைவு" ஆயிற்று. இப்படியாக, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே உண்மையாக இருந்து, எல்லாம் சேர்ந்து தொண்ணூற்றொரு சதவீதம் ஆகிறது. கல்லூரி அதைத் தன் கையேட்டின் அட்டையிலேயே, நீதிமன்றக் கட்டடத்தின் படத்துக்கு மேல், கொட்டை எழுத்தில் போடுகிறது. சுயதொழில், குடும்பத் தொழில், உயர்கல்வி உட்பட என்ற விளக்கம் அதே அட்டையின் அடியில் எறும்பு வரிசைபோல் ஓடுகிறது. அந்த விளக்கம் வேண்டும் என்று முதல்வரிடம் சண்டை போட்டவர் இவர். எழுத்தின் அளவைத் தீர்மானித்தவர் முதல்வர்.

சதவீதத்தைத் தயாரிப்பவர், வாயால் சதவீதம் சொல்வதே இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பெற்றோரிடம், "பால் அடுப்புல இருக்கு, விட்டு நகராதீங்க" என்பார். அது நல்ல வாய்ப்பு. "தண்ணி காஞ்சுக்கிட்டு இருக்கு" என்றால் சுமார். "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வச்சிருக்கோம்" என்றால் வேறு கல்லூரி பார்ப்பது நல்லது. ஒரு தகப்பனார் பொறுமை இழந்து, "நான் சமையல் கேக்க வரலம்மா, நம்பர் சொல்லுங்க" என்று கத்தியிருக்கிறார். "நம்பர் சொன்னா நம்பிடுவீங்க சார். அதான் பயமா இருக்கு" என்றார் இவர்.

பயம் அவருக்குச் சுவாசம் மாதிரி. கைப்பையில் இரண்டு குடை, இரண்டு கண்ணாடி, இரண்டு சாவிக்கொத்து. "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். இரண்டு சாவிக்கொத்தையும் ஒரே பையில் வைத்தால் பை தொலையும்போது இரண்டும் தொலையுமே என்று ஒருமுறை கேட்டேன். அன்று முழுக்க அவர் முகத்தில் களை இல்லை. மறுநாள் மூன்றாவது கொத்து ஒன்றை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, அந்த இழுப்பறைச் சாவியை அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு ஒப்பந்தச் சட்டம் கற்பிக்கும் வேலை. ஆசிரியர் அறைக் கூரை ஒழுகுவதால் மூன்று பருவமாக அவருடைய மேசைக்கு எதிரே குடியிருக்கிறேன். குடியிருப்பவனுக்கு எதிர்க்கேள்வி கேட்கும் உரிமை கிடையாது.

இப்பேர்ப்பட்டவரின் மகளுக்குத்தான் சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது, அதுவும் எங்கள் கல்லூரியில். அவள் பட்டப்படிப்பு முடித்துவிட்டாள். பட்டதாரிகளுக்கான மூன்று வருடப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். போன வருடம் பட்டியலிலேயே பெயர் வரவில்லை. இந்த வருடம் வந்தது, காத்திருப்போர் பட்டியலில். இதுவும் நழுவினால் அத்தையின் ஊருக்குப் போய் லாரி கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டாள். அங்கே வேலை தயார். நாற்காலிகூடக் காலியாக இருக்கிறதாம். கையில் கிடைக்கும் வேலை எவ்வளவு அரிது என்று இவருக்குத் தெரியும். அதனால் பயம். லாரி கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதில்லை என்றும் தெரியும். அதனாலும் பயம்.

"கிடைக்கலேன்னா அவ அழுவா சார். கிடைச்சா நான் அழுவேன்."

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவர். ஊரெல்லாம் பொடி எழுத்தைப் படிக்க வழி செய்து கொடுக்கிறவர், கல்லூரிக் கையேட்டில் கொட்டை எழுத்தை மட்டும் படித்திருக்கிறார். ஒரு மாலை அதைக் கடையிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் போட்டாராம். "எதுக்கு யோசிக்கறே? தொண்ணூத்தொண்ணு. அச்சுல இருக்கு பாரு."

"அத எழுதினதே நான்தாங்க."

"அப்ப உனக்குத் தெரியாததா? எழுதினவளே நம்பலேன்னா எப்படி?"

இதை மதியம் என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, சோறு இறங்கவும் இல்லை. "கோர்ட்ல என்னையே சாட்சியா வச்சு என்னையே தோக்கடிச்ச மாதிரி இருக்கு சார்."

கணவருக்குச் சொல்ல முடியாததை மகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கேக், டைல்ஸ், எல்லாம். மகள் தலைவாரிக்கொண்டே கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்மா. லீவு நாள்ல நீ வீட்லேர்ந்து போன் பேசுவியே, அதக் கேட்டுக்கிட்டேதானே வளந்தேன்" என்றாளாம். "உருப்படியா இருக்கறவங்க பத்துல நாலு பேருன்னு சொல்ற. அந்த நாலுல நான் இல்லேன்னு நீயா ஏன் முடிவு பண்றே? ஒரே ஒரு தடவ 'சேரு'ன்னு சொல்லும்மா. இடம் கிடைக்குதோ இல்லையோ, நீ சொன்னேன்னு இருக்கட்டும்."

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பாப்போம்னு சொன்னேன்." டிபன் பாக்ஸை மூடினார். "அவ சீப்ப வச்சுட்டுப் போயிட்டா."

பட்டியலில் மகள் பெயர் வந்த அன்றே முதல்வரிடம் போய், இந்த வருடம் காத்திருப்போரை அழைக்கும் வேலையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி கேட்டிருக்கிறார். "உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா" என்றார் முதல்வர். "எனக்கு இல்ல சார்" என்றார் இவர். எனவே அழைக்கும் பொறுப்பு கணக்குப் பிரிவுக்காரருக்குப் போயிற்று. விதி எளிது: காலியான இடத்துக்குப் பட்டியல் வரிசைப்படி அழைக்க வேண்டும். விண்ணப்பத்தில் தந்த எண்ணுக்கு மூன்று முறை. எடுக்காவிட்டால் அடுத்தவர். ஆசிரியர் ஒருவர் சாட்சியாக உட்கார வேண்டும். ஸ்பீக்கர் போட்டிருக்க வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குச் சேர்க்கை முடிந்துவிடும்.

கடைசி நாள் கணக்குப் பிரிவு அறையில் சாட்சியாக நான் உட்கார்ந்தேன். மதியம்வரை ஒரு அசைவும் இல்லை. பர்சென்ட் அக்கா பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் மேசையில் இருந்தார். பழைய மாணவர்களை அழைப்பதாகப் பேர்; ஒரு குரலும் கேட்கவில்லை. பிறகு, ஏற்கெனவே சேர்ந்திருந்த ஒருவனுக்குத் தலைநகரில் இடம் கிடைத்து, இனிப்புப் பெட்டியோடு வந்து விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு இடம். பட்டியலில் மிச்சம் இரண்டு பெயர். முதலில் ஒரு பெண்மணி. மருந்துக் கடை ஊழியர், முப்பத்தைந்து வயது என்று விண்ணப்பம் சொன்னது. அவருக்கு அடுத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மகள்.

கணக்குப் பிரிவுக்காரர் அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. டீ குடித்துவிட்டு மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. மூன்றாவது முறை மணி அடித்து ஓய்ந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கணக்குப் பிரிவுக்காரர் நல்ல மனிதர். நல்ல செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்ற ஆசையில் முகம் மலர்ந்து தடுப்பின் வாசலுக்குப் போனார்.

"மூணு தடவ அடிச்சாச்சு மேடம். எடுக்கல. சார் சாட்சி. அடுத்த பேரு நம்ம வீட்டுப் பேருதான். பொண்ணுக்கு அடிக்கட்டுமா? இல்ல, நீங்களே சொல்றீங்களா?"

வாசலில் வந்து நின்ற பர்சென்ட் அக்காவின் முகத்தில் மலர்ச்சி இல்லை. "ரெண்டாவது நம்பர் என்னாச்சு?"

"எது?"

"விண்ணப்பத்துல அவசரத்துக்குன்னு இன்னொரு நம்பர் கேக்கறோமே."

"அதுக்கு அடிக்கணும்னு விதியில இல்லையே மேடம்."

"அடிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சட்டம் படித்தவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: மின்விசிறியைப் பார்த்தேன்.

"மேடம், சும்மா இருங்க" என்றார் கணக்குப் பிரிவுக்காரர், இப்போது குரலைத் தாழ்த்தி. "தானா வருது. ஏன் தள்ளி விடறீங்க?"

"தானா வந்துச்சுன்னா சரி. அந்தம்மா போனை எடுக்கலேன்னு வந்துச்சுன்னா ராத்திரி நான் என்ன பண்றது?"

விண்ணப்பத்தைப் பார்த்து பர்சென்ட் அக்காவே எண்ணை அழுத்தினார். எடுத்தது அந்தப் பெண்மணியின் தம்பி; ஸ்கூட்டர் ரிப்பேர் கடை போலும், பின்னணியில் இஞ்சின் ஒன்று உறுமி உறுமி அடங்கியது. "அக்காவா? டியூட்டில இருக்கும்ங்க. போனை லாக்கர்ல வச்சாத்தான் கவுண்டருக்கே விடுவாங்க. என்னங்க, எதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல தம்பி, பயப்படாதீங்க. எந்தக் கடை?"

வெளியே போனவர்களைப் பதினைந்து வருடமாகத் தேடிப் பிடித்தவருக்கு ஒரு மருந்துக் கடையைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. கடையில் எடுத்தவரிடம், "பில் போடறவங்கள ஒரு நிமிஷம் கூப்பிடுங்க. வீட்லேர்ந்துன்னு சொல்லாதீங்க, அவங்க பயந்துடுவாங்க. சட்டக் கல்லூரின்னும் சொல்லாதீங்க, உங்க முதலாளி பயந்துடுவாரு" என்றார். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தும், பழக்கத்தில் ரிசீவரையும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

பெண்மணி வந்தார். விஷயத்தைக் கேட்டார். "இடமா? எனக்கா?" என்றார். யாருக்கோ பில் போட்டு அனுப்பிவிட்டுத் திரும்ப வந்தார்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? நான் இருக்கற வேலைய விட்டுட்டு வரணும். ரெண்டு பசங்க இருக்காங்க. அங்க படிச்சா வேலை கிடைச்சுடும்ல? தொண்ணூத்தொண்ணுன்னு போட்டிருந்துச்சே."

இந்தக் கேள்வியை வருடா வருடம் நூறு பேர் கேட்கிறார்கள். பாலையும் தண்ணீரையும் சொல்லித் தப்பித்துவிடுவார். இன்று அது நடக்காது என்று மூவருக்கும் தெரிந்தது. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் போட்டு உடைக்க இவ்வளவு பொருத்தமான நேரம் அவருக்கு வாய்த்ததில்லை. சங்கடம் என்னவென்றால், உண்மையைச் சொன்னால் இடம் மகளுக்கு வந்துவிடும். இத்தனை வருடத்தில் முதல் முறையாக உண்மை அவருக்கு லாபமாக இருந்தது. அதனாலேயே அதைச் சொல்ல அவருக்குக் கூசியது.

"அம்மா," என்றார். "மொதல்ல ஒரு விஷயம். பட்டியல்ல உங்களுக்குப் பின்னாடி நிக்கறது என் பொண்ணு. நீங்க வேணாம்னா அவளுக்குப் போகும். அத மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க. பாதி நம்பினாப் போதும்."

கணக்குப் பிரிவுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த நம்பர் நான் போட்டது. பொய் இல்ல. ஆனா அதுல நெறையப் பேரு கோட்டு போட்டுக்கிட்டு கோர்ட்டு வராந்தாவுல நிக்கறவங்க. மொத மூணு நாலு வருஷம் சீனியர் வேலை வாங்குவாரு, கையில ஒண்ணும் தர மாட்டாரு. கொஞ்சம் பேரு அப்பா கடையில உக்காந்திருக்காங்க. வக்கீலா சம்பாதிச்சு வீட்ட நடத்தறவங்க பத்துக்கு நாலு பேரு. அந்த நாலு பேரு நல்லா இருக்காங்கம்மா, குறை சொல்ல முடியாது. ஆனா ஏன் அந்த நாலு பேருன்னு எனக்குத் தெரியல. மார்க்கப் பாத்துப் பாத்துட்டேன், குடும்பத்தப் பாத்துப் பாத்துட்டேன். ஒண்ணும் புரியல. பிடிபட்டிருந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லியிருப்பேன்."

மறுமுனையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்டார்கள். "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று பெண்மணி அவரிடம் சொன்னது கேட்டது.

"இதெல்லாம் உங்க பொண்ணுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும். சொல்லிட்டேன்."

"தெரிஞ்சும் வரணும்னு நிக்குதா?"

"நிக்குது."

"நீங்க சேப்பீங்களா?"

பர்சென்ட் அக்கா என்னைப் பார்த்தார். கணக்குப் பிரிவுக்காரரைப் பார்த்தார். எங்கள் இருவரிடமும் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சுவரைப் பார்த்தார்.

"சேப்பேன்" என்றார்.

"அப்ப நான் வர்றேன்க்கா." குரல் சட்டென்று இளகிவிட்டிருந்தது. "பெத்த பொண்ணையே அனுப்புவீங்கன்னா, அதுக்கு மேல எனக்கு என்ன அத்தாட்சி வேணும்? இன்னைக்கே வரணுமா?"

சட்டப்படி அது நல்ல வாதம். என் வகுப்பில் யாராவது இப்படி வாதாடியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

"இன்னைக்கே. அஞ்சு மணிக்குள்ள" என்றார் பர்சென்ட் அக்கா. குரலில் பிசிறில்லை. "ஒரிஜினல் சர்டிபிகேட் மொத்தத்தையும் எடுத்துக்குங்க. தம்பியவே வண்டில கொண்டாந்து விடச் சொல்லுங்க, அவரு கடையிலதான் இருக்காரு. போட்டோ இல்லேன்னா பரவால்ல, நாளைக்குக் குடுக்கலாம். படிவத்த நான் நிரப்பி வைக்கறேன், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். படியில பாத்து ஏறுங்க, மேல கொஞ்சம் வழுக்கும்."

பெண்மணி நன்றி சொன்னார், இன்னொரு முறையும் சொன்னார், மாத்திரைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார், வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் ஒரே சீரான ரீங்காரம் வந்தது. கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல் அதை அணைத்துவிட்டு, முத்திரை எடுத்து வரும் சாக்கில் வெளியே போனார்.

பர்சென்ட் அக்கா ரிசீவரை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மகள் கேட்டும் சொல்லாததை, மகளின் இடத்தை எடுத்துக்கொண்ட ஒருவரிடம் சொல்லியாயிற்று என்பதும் தெரியும். காதிலிருந்து எடுத்து, மார்புக்கு நேராகக் கொண்டுவந்து, பேசுகிற பக்கத்தை உள்ளங்கையால் இறுக்க மூடிக்கொண்டார்.